இரண்டாவது முகடு

அவளுடைய அப்பா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே அன்றைக்குப் பிடிபட்டவர்களின் கதை தொடங்கிவிடும். டிக்கெட் வாங்கியவன் பரிசோதகரைப் பார்ப்பான், வாங்காதவன் ஜன்னலைப் பார்ப்பான் என்பார். அதைக் கேட்டே வளர்ந்ததால் அவள் யாரையும் முகத்தை வைத்து எடைபோட்டதில்லை. அவர்கள் எதைப் பார்க்காமல் தவிர்க்கிறார்கள் என்றுதான் முதலில் கவனிப்பாள். கடையிலிருந்து வந்த பாலை இரண்டு தடவை முகர்ந்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். எதிர்வீட்டுக்காரி தானாக வந்து சிரித்துவிட்டுப் போனால், "இவளுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று கணவனைக் கேட்பாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவள் வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையில் அவளுக்கு லென்ஸ் மேடம் என்று பட்டப்பெயர். கணவனின் தொழிலால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும் பார்வைக்காக வைத்தது என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மனிதர்கள் மேல் இல்லாத நம்பிக்கை அவளுக்கு மூலக்கூறுகள் மேல் இருந்தது. கல்லூரியில் கரிம வேதியியல் வகுப்பில், இதோடு இதைச் சேர்த்தால் என்ன வரும் என்று பேராசிரியர் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் நோட்டில் விடை இருக்கும். மற்றவர்கள் மனப்பாடம் செய்து தவறவிட்ட ஆல்கைன் பாடம் அவளுக்குப் பேச்சுவழக்கு மாதிரி. இரண்டு கார்பன்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து ஒன்று வந்து சேரும்போது அந்தப் பிடி தளரும். எது எந்தக் கார்பனில் போய் ஒட்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு பொய் சொல்லாது, சாக்குச் சொல்லாது. அதுதான் அவளுக்குப் பிடித்தது.

நாற்பத்திரண்டு வயதில் அந்தத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுக்கு அவள்தான் தலைவி. அவர்கள் செய்து விற்ற முக்கியமான சரக்கு ஒன்று, சோப்புக்கும் சென்ட்டுக்கும் மணம் கூட்டுகிறவர்கள் வாங்கும் கீட்டோன். பத்துக் கார்பன் சங்கிலி, அதன் நுனியில் முப்பிணைப்பு. அந்த ஆல்கைனை அமிலமும் பாதரச உப்பும் கலந்த தண்ணீரோடு சேர்ப்பார்கள். தண்ணீரின் ஹைட்ரஜன், ஏற்கெனவே ஒரு ஹைட்ரஜன் இருக்கும் நுனிக் கார்பனுக்குப் போகும். ஆக்சிஜன் அதற்கு அடுத்த கார்பனில் அமரும். முதலில் உண்டாகும் ஈனால் நிலைக்காது, உடனே தன்னை மாற்றிக்கொண்டு கீட்டோன் ஆகிவிடும். ஆக்சிஜன் இரண்டாம் கார்பனில் இருப்பதால் அதற்குப் பெயர் 2-டெக்கனோன். வேறெதுவும் வர வழியில்லை. கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் கருவியில் ஓட்டினால் வரைபடத்தில் ஒரே ஒரு முகடு எழும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு எழுந்தன.

பெரிய முகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதன் தோளை ஒட்டி இன்னொன்று. கணக்குப் பார்த்தால் மொத்தத்தில் கால் பங்கு. அவள் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள். ஊசியை மாற்றினாள், குழாயைக் கழுவினாள், மூன்று தடவை ஓட்டினாள். முகடு அசையவில்லை. அடுத்து தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். ஆக்சிஜன் திசை மாறி நுனியில் போய் ஒட்டியிருந்தால் ஆல்டிஹைடு வந்திருக்கும். ஆல்டிஹைடு இருந்தால் வெள்ளிக் கரைசலில் சோதனைக்குழாயின் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். குழாய் மங்கலாகவே இருந்தது.

கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் சங்கிலியை வரைந்தாள். முப்பிணைப்பை நுனியிலிருந்து ஒரு படி உள்ளே தள்ளி வரைந்தாள். இப்போது முப்பிணைப்பின் இரண்டு கார்பன்களிலும் ஹைட்ரஜன் இல்லை. தண்ணீருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. பாதி இரண்டாம் கார்பனில் ஒட்டும், பாதி மூன்றாம் கார்பனில். இரண்டாம் கார்பனில் ஒட்டினால் வருவது வழக்கமான சரக்கு. மூன்றாவதில் ஒட்டினால் 3-டெக்கனோன். அட்டையில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி, அதன் சுத்தமான மாதிரி ஒரு சீசா வேண்டும் என்று ஆர்டர் போட்டாள். நான்கு நாள் கழித்து வந்தது. ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது முகடும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின.

வகுப்பில் முதலாவதாக விடை சொன்ன பழைய சந்தோஷம் ஒரு நிமிடம் வந்தது. அது அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. இதைச் செய்தது யார்?

கால் பங்கு 3-டெக்கனோன் என்றால், உள்ளே போன ஆல்கைனில் ஏறக்குறைய பாதி வேறு ஆல்கைன். உற்பத்திக் கூடத்தில் மிச்சமிருந்த ஆல்கைனை எடுத்து வந்து வெள்ளி நைட்ரேட் சோதனை செய்தாள். முப்பிணைப்பு நுனியில் இருந்தால் வெள்ளையாகப் படியும், அமிலம் வெளியேறும். உள்ளே இருந்தால் கம்மென்று கிடக்கும். வெளியேறிய அமிலத்தை அளந்ததில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. படிந்த வெள்ளையைக் காயவிட்டால் வெடிக்கும் என்பதால் ஈரமாகவே அமிலம் ஊற்றி அழித்தாள். பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அதே டிரம்கள் இரண்டு மாதம் முன்பு வாயில் வழியாக உள்ளே வந்த அன்று அவளே சோதித்திருந்தாள். தொண்ணூற்றெட்டு சதவீதம், சரி. கீழே அவள் கையெழுத்து.

வந்தபோது சரி, போனபோது சரியில்லை. இடையில் இருந்தது ஸ்டோர். சரக்கு அங்கிருந்து வடிகலனுக்குப் போய்ச் சுத்தமாகி உற்பத்திக்குப் போகும். வடிகலனை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. காய்ச்சி வடிப்பதில் அழுக்குப் பிரியும், பொருள் மாறாது. ஆக, ஸ்டோர். ஸ்டோரின் சாவி அவளுடைய கொழுந்தனிடம்.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். ஆறு வருஷம் முன்பு அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் அவள்தான். சமீபமாக அவனிடம் மாற்றங்கள் தெரிந்தன. வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தான். கண்கள் சிவந்திருந்தன. அவன் தாண்டிப் போனால் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. அவர்கள் ஸ்டோரில் பிளீச்சிங் பவுடரே கிடையாது. ஒரு நீலப் பையை எப்போதும் பூட்டியே வைத்திருந்தான்.

அன்று அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"தம்பி, எங்க போயிட்டு வர்ற?"

"ஒரு ஃபிரெண்டைப் பார்க்க, அண்ணி."

"வாரத்துல மூணு நாளா?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல." சொல்லிக்கொண்டே படியைப் பார்த்தான்.

டிக்கெட் வாங்காத ஆள் ஜன்னலைப் பார்ப்பது அவள் ஞாபகத்துக்கு வந்தது. எங்கேயோ ஒரு கிடங்கில் வேறு யாருடைய ரசாயனத்தையோ கையாள்கிறான், நம் சரக்கை அங்கே கொடுத்துவிட்டு மட்டமானதைக் கொண்டு வந்து நிரப்புகிறான் என்று முடிவு கட்டினாள். அன்றைக்குத் தூங்கப் போகும்வரை அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். சாப்பிடும்போது இரண்டு தடவை கண்ணைக் கசக்கினான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் வரைபடங்களையும் சோதனை முடிவுகளையும் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உங்க கொழுந்தன்தானே? நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"சொந்தம்னு மூடி வெச்சா நாளைக்கு என்னையும் சேர்த்துதான் சார் சொல்லுவாங்க. யாருன்னு நான் பேர் சொல்லல. சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா," என்றார் மேனேஜர்.

மதியத்துக்குள் அவனை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். காவலாளி பக்கத்தில் நிற்க, அவன் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டு வெளியே வந்தான். ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்டோர் வாசல் தெரியும். அவள் பார்த்தாள். அவன் நிமிர்ந்து நேராக அந்த ஜன்னலைத்தான் பார்த்தான்.

வீட்டில் அன்று மாலை புயலடித்தது. தேய்க்கும் இயந்திரத்தோடு பேசிப் பழகிய அவள் கணவன் சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவன்.

"அவன் திருடினான்னு போய்ச் சொன்னியா?"

"சோதனை முடிவைக் குடுத்தேன். அதுதான் என் வேலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? தம்பி தங்கம்னு சொல்லியிருப்பீங்க. அந்தப் பையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? மேலெல்லாம் பிளீச் வாடை அடிக்குதே, அது தெரியுமா?"

கணவன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"நீச்சல் கத்துக்கறான்."

"என்னது?"

"நகராட்சி நீச்சல் குளம். அந்தத் தண்ணில குளோரின் போடுவாங்கல்ல, அதுதான் வாடை. அதுதான் கண்ணு சிவக்குது. எட்டு வயசுப் பசங்களோட நின்னு காலை உதைக்கக் கத்துக்கறான். வெட்கமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். பையில ஜட்டியும் துண்டும்தான் இருக்கு. போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. நீச்சல் கற்றுக்கொள்கிறவன் திருடக் கூடாது என்று சட்டமா என்ன? வாடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஆல்கைனுக்குக் கிடைக்கவில்லையே. மேனேஜர் இன்னும் உறுதியான ஆதாரம் கேட்டிருந்தார். உள்ளே தள்ளிய முப்பிணைப்பு கொண்ட 2-டெசைன் ஒரு சீசா வாங்கி, கலப்படப் பொருள் இதுதான் என்று காட்டிவிடலாம் என்று ரசாயன வியாபாரிக்கு ஃபோன் போட்டாள். அவர் சொன்ன விலையைக் கேட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"ஆமா மேடம், நுனி ஆல்கைன் மாதிரி பத்து மடங்கு. இதை யாரும் டிரம்முல செய்யறதில்ல. கிராம் கணக்குலதான் கிடைக்கும்."

சனிக்கிழமை காலை கணவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது இதை அவனிடம் சொன்னாள். சமாதானம் பேசுவதற்காக அல்ல, குழப்பமாக இருந்ததால். அவன் கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"எங்க கடையில எவனாவது திருடணும்னா, விலை கூடின லென்ஸை எடுத்துட்டு மலிவானதை மாட்டுவான். மலிவானதை எடுத்துட்டு விலை கூடினதை மாட்டி வெச்சுட்டுப் போற திருடன் எங்க இருக்கான்? இருந்தா சொல்லு, வேலைக்கு வெச்சுக்கறோம்."

அவள் வியாபாரி சொன்ன விலையை மறுபடியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

டிரம் கணக்கில் கிடைக்காத ஒன்றை யாரும் டிரம்மில் கொண்டு வந்து கொட்டியிருக்க முடியாது. அப்படியானால் அது உள்ளேயேதான் உண்டாகியிருக்க வேண்டும். சங்கிலி அதே சங்கிலி, முப்பிணைப்பு மட்டும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. முப்பிணைப்பை எது நகர்த்தும்? கல்லூரிப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினாள். தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டது. வலுவான காரம், அதோடு நல்ல சூடு. காரம் ஹைட்ரஜனைப் பிடுங்கிப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கும், முப்பிணைப்பு நுனியிலிருந்து உள்ளே இறங்கும். இளங்கலைக் கேள்வி. இருபது வயதில் இதை அவள் மூச்சுவிடும் நேரத்தில் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக வடிகலன் கூடத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஆபரேட்டருக்கு ஆவி என்று பெயர். நீராவியோடு வேலை என்பதற்காக வைத்ததா, சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பதற்காக வைத்ததா என்று யாருக்கும் தெரியாது. இப்போது அவளுடைய சந்தேகம் முழுக்க அவர் மேல் திரும்பியிருந்தது.

"அந்த லாட் ஆல்கைனை நீங்க எப்படி வடிச்சீங்க?"

"எழுதி வெச்சிருக்கிறபடிதான். லேசா அமில வாடை இருந்துச்சு. அமிலத்தை முறிக்கிற காரமா காஸ்டிக் பொட்டாஷ் செதில் போட்டுக் காய்ச்சி வடிக்கச் சொல்லி உங்க குறிப்புதானே."

"வாக்யூம்லதானே? வாக்யூம்ல வடிச்சா குறைஞ்ச சூட்டுலயே வந்துடும். அந்தச் சூட்டுல ஒண்ணும் ஆகியிருக்காது."

"வாக்யூம் பம்ப் அன்னைக்கு ரிப்பேர்."

"அப்ப யாரைக் கேட்டு நூத்து எழுபத்தஞ்சு டிகிரிக்கு ஏத்துனீங்க? யார் சொன்னது?" குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

ஆவி கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்து, எச்சில் தொடாமல் நிதானமாகப் பக்கம் புரட்டி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பம்ப் பழுது. வாக்யூம் இல்லாமல் மெதுவாக வடிக்க அனுமதி. ஒரு முழு ஷிஃப்ட், பொட்டாஷோடு கொதிநிலையில். கீழே அவளுடைய கையெழுத்து, தேதி, நேரம். அது வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லா ஆவணங்களையும் தணிக்கை செய்த நாள். அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தபோது யாரோ நீட்டிய நோட்டில் நின்றபடியே கையெழுத்துப் போட்டது இப்போது மங்கலாக ஞாபகம் வந்தது.

"நான் அப்பவே வந்து கேட்டேன், மேடம். 'வடிக்கிறதுதானே, வடிங்க'ன்னு சொன்னீங்க," என்றார் ஆவி.

அவள் அதையும் முழுசாக நம்பவில்லை. தன் கையெழுத்தையே நம்பவில்லை. ஸ்டோரில் அதே லாட்டில் திறக்காத டிரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு குடுவை எடுத்து வந்து பொட்டாஷ் செதில் போட்டு, தானே பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் கொதிக்க வைத்தாள். சாப்பிடப் போகவில்லை. உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். வேறு யாராவது தொட்டால் அவர்களைச் சந்தேகப்படுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஆறவைத்து, அமிலமும் பாதரச உப்பும் தண்ணீரும் சேர்த்து, வந்த விளைபொருளை மறுநாள் காலை கருவியில் ஏற்றினாள். திரையில் கோடு எழுவதற்கு முன்பே என்ன வரும் என்று தெரியும். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கணிப்பு பொய்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

இரண்டு முகடுகள் எழுந்தன.

பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கடைசி வரி வரை படித்தார். "இதை நீங்களே கண்டுபிடிச்சுக் கொண்டு வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குத் தலைமைப் பொறுப்பு வேறொருவரிடம் போயிற்று. அந்தச் சரக்கு, மணத்துக்கு உதவாமல், இயந்திரம் துடைக்கும் திரவம் செய்பவர்களுக்குப் போயிற்று. கொழுந்தனுக்கு மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு வரச் சொல்லித் தொழிற்சாலை கடிதம் அனுப்பியது.

அந்தக் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். அவன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, தப்பு என்மேலதான். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்றேன். மன்னிச்சுடு."

"பரவாயில்ல, மேடம்," என்றான்.

வீட்டில் அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவள் படியிறங்கி வந்து சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவன் வேலைக்குத் திரும்பவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையின் ஸ்டோரில் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டான். மூன்று மாதம் அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை. கணவன் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்டால், "இருக்கான்" என்று மட்டும் சொல்வான்.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனே வந்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சு புதிய கடையைப் பற்றியும், வாடகையைப் பற்றியும், அறையில் ஒழுகும் குழாயைப் பற்றியும் சுற்றிக்கொண்டிருந்தது. கணவன் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எப்படி நான்தான்னு நினைச்சீங்க?"

அவள் யோசித்தாள். சாவி, வாடை, பை என்று பட்டியல் போடலாம்தான். போடவில்லை.

"உன்னை நினைக்கறது சுலபமா இருந்துச்சு. என்னை நினைக்கறது கஷ்டமா இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். ஒரு வாய் சாப்பிட்டான்.

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்த நோட்டுல உங்க கையெழுத்து இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு. தெரிஞ்சுதான் என்னைக் கோத்துவிட்டீங்களோன்னு."

"ஐயோ, தெரியாதுப்பா! ஆவி காட்டுற வரைக்கும் சத்தியமா தெரியாது."

"போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்," என்றான். இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "கொஞ்சம் இருக்கு."

எந்த வரைபடத்தை எடுத்துக் காட்ட, எந்தக் குழாயில் ஊற்றிக் காட்ட என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவன் தண்ணீரோடு வந்து, என்ன இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அவள். "தம்பி இன்னும் சாப்பிட்டு முடிக்கல." கரண்டியை எடுத்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.